உங்கள் காலுக்கு மட்டும் பழகிய மோட்டார் சைக்கிள்

இன்று காலை பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுக்க ஆமணக்கெண்ணெய்ப் போத்தலைத் திறந்தேன். சின்னவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அப்பான்ர மணம்” என்றாள். மற்றப் பிள்ளைகளுக்குத் தகப்பனின் மணம் என்றால் சுருட்டு, வியர்வை, திருநீறு. என் பிள்ளைகளுக்கு ஆமணக்கெண்ணெய். போத்தலை மூடிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதனால் எழுதுகிறேன். நீங்கள் குறுக்கே கதைக்காமல் நான் ஒன்றைச் சொல்லி முடிக்கக்கூடிய வழி இது ஒன்றுதான்.

அந்த எண்ணெயை நான் வாங்கி வைத்தது பிள்ளைகளுக்காக. நீங்கள் அதை எடுத்து மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றினீர்கள். பந்தயம் ஓடுகிறவர்கள் எஞ்சினுக்கு இதைத்தான் ஊற்றுவார்களாம். முரசுமோட்டை வாய்க்கால் கரையில் யாரோடு பந்தயம் என்று கேட்டேன். “உனக்கு விளங்காதப்பா” என்றீர்கள். எனக்கு விளங்காதவை அந்த வீட்டில் நிறைய இருந்தன. என் வோயில் சேலையைக் கிழித்துப் பெற்றோல் வடிகட்டியது, என் பித்தளை அகப்பையின் காம்பால் பிஸ்டனில் படிந்த கரியைச் சுரண்டியது, விளாத்தி மரத்தடியில் சாக்கை விரித்து எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு, கோழி வந்து ஆணியைக் கொத்துகிறது என்று என்னைக் காவலுக்கு இருத்தியது.

வவுனியாவில் மரம் விற்கும் ஒரு மரக்காலைக்காரரிடம் அதை வாங்கி வந்தபோது அது ஓடவில்லை. உலக யுத்தத்துக்கும் முந்திய வண்டி. இரண்டு பேர் சேர்ந்து லொறியிலிருந்து இறக்கினார்கள். நீங்கள் அதை ஓட வைத்தீர்கள், அதை நான் மறுக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கம் கொடுத்த காணிக்கு வந்த எங்கள் குடியேற்றத்தில் வேறு வாகனம் இல்லை. பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, அதுவும் பெரிய தெருவோடு சரி. காய்ச்சல்காரரை, பிள்ளைப்பேற்றுக்காரியை, பூச்சி கடித்தவரை எல்லாம் கிளிநொச்சி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனது நீங்கள். சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போவீர்கள். பக்கத்துக் காணிக் கந்தையா அண்ணையின் மகனை வலிப்போடு கொண்டுபோய்ச் சேர்த்தபோது அவர் உங்கள் கையைப் பிடித்து அழுதார். அவருக்குக் கொடுத்து வைத்திருந்தது.

ஓடியதோடு விட்டிருக்கலாம். ஆனால் உங்களுக்கு அது இன்னும் வேகமாக ஓட வேண்டும். சிலிண்டரின் மூடியைக் கழற்றிக் கண்ணாடித் துண்டில் மணல்தாள் ஒட்டி நாள்கணக்கில் தேய்த்தீர்கள். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் கூடும், இழுவை கூடும் என்றீர்கள். கைப்பிடியில் ஒரு சின்ன லீவர் இருந்தது. உதைக்கும்போது அதைத் தள்ளினால் எஞ்சினுக்குள் தீப்பொறி பிந்தி விழும், உதைக்கிறவனின் காலைத் திருப்பி அடிக்காது. ஓடத் தொடங்கியதும் பொறியை முந்த விட வேண்டும். அந்த லீவரைக் கழற்றி எறிந்துவிட்டு, பொறி எப்போதும் முந்தி விழும்படி இறுக்கிவிட்டீர்கள். அதற்குப் பிறகு வண்டி பறந்தது உண்மை. பரந்தன் சந்திக்கு நீங்கள் போய்ச் சேர்ந்த வேகத்தைப் பற்றி ஆட்கள் கதை கதையாகச் சொன்னார்கள். ஆனால் உங்களைத் தவிர யாராலும் அதை ஸ்டார்ட் பண்ண முடியாமல் போனது.

அது உங்களுக்குக் கவலையாக இருக்கவில்லை. தைப்பொங்கலன்று பொங்கிப் படைத்த பிறகு வண்டியை முற்றத்தில் நிறுத்தி, வருகிற இளந்தாரிகளை எல்லாம் உதைக்க விட்டு வேடிக்கை பார்ப்பீர்கள். ஒருவன் பின்னால் விழுவான், ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டுவான். எல்லாரும் களைத்த பிறகு நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மிதியை மெல்ல அமத்தி, எங்கேயோ ஓரிடத்தில் நிறுத்தி, பிறகு ஒரே உதை. வண்டி பாடும். ஊர் கை தட்டும். “இதுக்கு என்ர கால் தெரியும்” என்பீர்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. நான் உள்ளே போய்ப் பானை கழுவுவேன்.

கந்தையா அண்ணை இங்கே வருமுன் லொறி ஓடியவர். மோட்டார் சைக்கிளும் ஓடத் தெரியும். ஒருநாள் மத்தியானம் நீங்கள் காபரேற்றரைக் கழுவிக்கொண்டிருந்தபோது நானே வாய்விட்டுக் கேட்டேன்.

“இஞ்சாருங்கோ, அந்த மிதிக்கிற வித்தையைக் கந்தையா அண்ணைக்கும் ஒருக்காக் காட்டிக் குடுங்கோவன்.”

“அவன் லொறிக்காரன். முறிச்சுப் போடுவான்.”

“அப்ப அந்த லீவரை எண்டாலும் திருப்பிப் பூட்டுங்கோ. நீங்கள் இல்லாத நேரம் பிள்ளையளுக்கு ஒண்டெண்டால் நான் ஆரைக் கூப்பிடுறது?”

“நான் எங்க போகப்போறன்?”

அவ்வளவுதான். துணியை எடுத்துத் திரும்பவும் துடைக்கத் தொடங்கிவிட்டீர்கள். ஊருக்கு உதவி செய்ய உங்களுக்கு ஆசை இருந்தது. அந்த உதவியை உங்களைத் தவிர வேறொருவன் செய்துவிடக் கூடாது என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. அதை அன்றைக்கே முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். சொன்னாலும் “உனக்கு விளங்காதப்பா” என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

அந்த வருச மாசியில் நெல் அரிவி வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெட்டிப் போட்ட கதிர்க் குவியலை அள்ளக் கை வைத்தீர்கள். அடியில் நாகம் கிடந்தது. கையை உதறிக்கொண்டு வயலிலிருந்து நடந்தே வந்தீர்கள். “ஒண்டுமில்லை, வண்டியை எடுத்தால் அரை மணித்தியாலம்” என்று நீங்கள்தான் எனக்குத் தைரியம் சொன்னீர்கள். வண்டிக்குக் கிட்டப் போனபோது உங்கள் கால் சொல்வழி கேட்கவில்லை. மிதியில் வைத்த பாதம் வழுகி விழுந்தது. உங்களைச் சாக்கில் இருத்தினோம்.

கந்தையா அண்ணை ஓடி வந்தார். “நீங்கள் இருங்கோ, நான் கொண்டுபோறன்” என்று சொல்லி உதைத்தார். வரவில்லை. திரும்ப உதைத்தார். மூன்றாவது தரம் மிதி திருப்பி அடித்தது. அவருடைய கணுக்கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் தம்பி முயன்றான், அவனும் விழுந்தான். தள்ளிப் பார்த்தார்கள். நீங்கள் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய அழுத்தத்தில் பின்சில்லு இறுகி மண்ணில் இழுபட்டதே தவிர எஞ்சின் சுற்றவில்லை. “எப்பிடி மிதிக்கிறதெண்டு சொல்லுங்கோ” என்று உங்கள் காதுக்குள் கத்தினேன். நாக்குத் தடித்துவிட்டது. கண்மடல் பாதி விழுந்துவிட்டது. களத்தில் நெற்சூடு மிதித்துக்கொண்டிருந்த மாடுகளை அவிழ்த்து வண்டிலில் பூட்டி உங்களை ஏற்றும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பரந்தன் சந்தி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உங்கள் மூச்சு நின்றது.

ஊரில் எல்லாரும் விதி என்றார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். நான் கந்தையா அண்ணையிடம் கொடுத்தேன். அவர் கால் இன்றைக்கும் கோணல்தான், கெந்திக் கெந்தித்தான் நடக்கிறார். கிளிநொச்சியில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோய் லீவரைத் திரும்பப் பூட்டி, சிலிண்டர் மூடிக்கு அடியில் தடித்த தகடு வைத்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

“வேகம் குறைஞ்சு போமே தங்கச்சி. அவர் எவ்வளவு பாடுபட்டுச் செய்தவர்.”

“குறையட்டும் அண்ணை. ஆர் உதைச்சாலும் ஸ்டார்ட் வரவேணும். நான் உதைச்சாலும் வரவேணும்.”

வருகிறது. நானே சேலையைச் செருகிக்கொண்டு உதைத்துப் பார்த்தேன். இப்போது அது உழவு மாடு போல நடக்கிறது, உங்களுக்கு வெட்கமாக இருக்கும். போன கிழமை கந்தையா அண்ணையின் தம்பி, வயிற்றுக்குத்தோடு துடித்த ஒரு மனுசியை அதில் ஏற்றிப் போனான். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவள் பிழைத்துவிட்டாள். நான் சந்தோசப்பட்டேன், பிறகு வீட்டுக்குள் வந்து உங்களைத் திட்டினேன்.

இனி, யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். கந்தையா அண்ணையின் தம்பியும் விழுந்து எழும்பியபோது நான் திரும்பி உங்களைப் பார்த்தேன். நீங்கள் சிரித்தீர்கள். விஷத்தில் முகம் கோணுகிறது என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். பதினொரு வருசம் உங்களோடு குடும்பம் நடத்தியவள் நான். அது விஷமில்லை. உங்கள் வண்டி இன்னொருவனுக்கு மசியவில்லை என்ற பெருமை. உயிர் போய்க்கொண்டிருக்கும்போதும் அந்தப் பெருமை உங்களுக்கு இனித்தது. நான் கண்டுவிட்டேன் என்பதை நீங்களும் கண்டீர்கள். அதற்குப் பிறகு என் பக்கம் பார்க்கவில்லை.

முதல் திவசத்தன்று படைத்து முடிந்த பிறகு பெரியவள் வந்து கேட்டாள். “அம்மா, அப்பா கடைசியா என்ன சொன்னவர்?”

“‘என்ர பிள்ளையள் எங்க?’ எண்டு கேட்டவர்” என்றேன்.

அவளுடைய முகம் தெளிந்துவிட்டது. அன்றிலிருந்து தங்கைக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறாள், இரண்டு பேரும் அதை நினைத்து நினைத்து அழுகிறார்கள். அழட்டும். பிள்ளைகளைத் தேடிய தகப்பனை அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். சிரித்த மனுசனை நானே வைத்திருக்கிறேன்.