ருசி பார்க்காத டீ மாஸ்டருக்கு

அண்ணா,

இன்று காலை அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. பாலும் டீத்தூளும் சேர்ந்து கருகும் வாடை வீடு முழுக்க நின்றது. என் மனைவி ஜன்னலைத் திறந்தாள். நான் மூடச் சொன்னேன். காரணம் கேட்டாள். ஆம்பூர் என்றேன். ஆம்பூர் என்றால் தோல் வாடையல்லவா என்று அவள் கேட்டது நியாயம்தான். மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் இளம் ஊழியக்காரனாக அந்த ஊருக்கு வந்த எனக்குத் தோல் வாடை சீக்கிரமே பழகிவிட்டது. கடைசிவரை பழகாமல் இழுத்துக்கொண்டே இருந்தது உங்கள் கடை அடுப்பின் வாடைதான். டீ குடிக்கக் கூடாது என்று விதிக்கப்பட்டவனுக்கு அது அப்படித்தான் இருக்கும்.

இப்போது குடிக்கிறேன். ஊழியம் முடிந்து வீடு திரும்பிய சில வருடங்களில் சபைக்குப் போவது குறைந்து, பிறகு நின்றுபோனது. சண்டை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்கிப் பழகிவிட்டேன். விசுவாசத்தை இழந்தவர்களின் பெரும் போராட்டங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். எனக்கு வாய்த்தது இவ்வளவுதான்.

நாங்கள் உங்கள் கடைக்கு முதலில் வந்தது நிழலுக்காக. மே மாத வெயிலில் வெள்ளைச் சட்டை, கழுத்தை இறுக்கும் டை, மார்பில் கருப்புப் பெயர் அட்டை. எதிரே இருந்த ஷூ கம்பெனி வாட்ச்மேன் எங்களைக் கண்டதும் எழுந்து சல்யூட் அடித்தார். ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய ஆடிட் ஆட்கள் என்று நினைத்துவிட்டார். தகவல் உள்ளே போய், தீயணைப்பு வாளிகளில் அவசரமாக மணல் நிரப்பினார்கள் என்று பிற்பாடு நீங்கள்தான் சொன்னீர்கள். எங்கள் ஊழியத்தால் அந்த ஊருக்கு உடனடியாக விளைந்த நன்மை அது.

கேட்காமலேயே இரண்டு கிளாஸ் டீ நீட்டினீர்கள். வேண்டாம் என்றோம். காபி? அதுவும் கூடாது என்றோம். சாராயம் கூடாது என்ற மதங்களை நீங்கள் அறிவீர்கள். டீ கூடாது என்ற மதம் டீக்கடைக்கே வந்து உட்கார்ந்தது உங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. பால் ஆற்றிக் கொடுத்தீர்கள். என் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு எல்டர் என்றால் என்ன என்று கேட்டீர்கள். மூப்பர் என்றேன். நீங்கள் போய்வந்த சர்ச்சில் மூப்பர் என்றால் பேரன் எடுத்தவர்.

"மீசையே இன்னும் சரியா வரல, மூப்பராம்" என்று சொல்லிவிட்டு வடையைத் திருப்பிப் போட்டீர்கள்.

எங்கள் அன்றாடத்தை உங்களுக்கு விளக்குவது சிரமமாக இருந்தது. ஆறரைக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, ஜெபம், படிப்பு, பிறகு தெரு. சினிமா கிடையாது, காதல் கிடையாது, வீட்டோடு பேச வாரத்தில் ஒரு நாள். நானும் காக்கிநாடாவிலிருந்து வந்த என் ஜோடி ஊழியனும் ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் மறையக் கூடாது. அவன் முடிவெட்டிக்கொண்டால் நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வயிறு சரியில்லாவிட்டால் அவனுக்கும் அன்று விடுப்பு.

"கல்யாணம் கட்னவங்ககூட இப்டி இல்ல நைனா" என்றீர்கள். உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த உங்கள் மனைவி, எங்களுக்கு அக்கா, அதைப் பற்றித் தனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது என்றார்.

பேச ஆள் கிடைக்காத மதியங்கள்தான் எங்களுக்கு அதிகம். அப்போதெல்லாம் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து உங்களுக்கே பாடம் நடத்தினோம். நீங்களும் ரேடியோ கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டே வடை சுட்டீர்கள். ஒரு நாள், குடும்பம் சாவோடு முடிந்துவிடுவதில்லை என்ற பாடம் வந்தது. மனப்பாடமாக இருந்ததை ஒப்பித்தேன். உங்கள் கரண்டி நின்றுவிட்டது.

"அப்ப எங்க பாப்பா?"

டீத்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினீர்கள். பள்ளிக்கூடச் சீருடையில், இரட்டை ஜடையில் ஒரு பெண். காய்ச்சலில் போய்விட்டாள் என்றீர்கள். பாப்பாவும் உங்களோடுதான் இருப்பாள், அதற்கு நீங்கள் ஞானஸ்நானம் பெற்று, விதிகளைக் கைக்கொண்டு நடக்க வேண்டும் என்றேன். பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். நம்பியதால்தான் அத்தனை பெரிய வார்த்தையை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கால் ஆட்டிக்கொண்டே சொல்ல முடிந்தது.

பீடியை அன்றே விட்டீர்கள். மறுநாள் டீயையும். டீயை விற்கலாம், குடிக்கத்தான் கூடாது என்று சொன்னோம். அப்படியானால் ருசி பார்ப்பது எப்படி என்று கேட்டீர்கள். எங்கள் கையேட்டில் ஷூவுக்கு பாலிஷ் போடுவது வரை எல்லாம் இருந்தது. டீ மாஸ்டர் ஒருவர் மனந்திரும்பினால் என்ன செய்வது என்பது மட்டும் இல்லை. நாங்கள் இருவரும் கலந்து பேசி, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம் என்று தீர்ப்பளித்தோம். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அங்க பாப்பா நிக்கும். நான் முழுங்கல, துப்பிட்டேன்னு அதுங்கிட்ட சொல்லிக்கினு நிக்கறதா?"

ஞானஸ்நானத்துக்கு ஆள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வேண்டும். பாலாறு பக்கத்தில்தான் ஓடுகிறது என்று வரைபடம் சொன்னது. நேரில் அது மணலாக இருந்தது. ஒரு வீட்டு மொட்டை மாடியில் தொட்டி வைத்து நிரப்பினோம். முதல் தடவை உங்கள் முழங்கால் வெளியே தெரிந்துவிட்டதால் மறுபடியும் முக்கினோம். எழுந்து நின்று முகத்தை வழித்துவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு அண்ணா, அதன் பிறகு யார் முகத்திலும் நான் அதைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. எங்கள் வேலையில் அது சகஜம். ஒரு போன் வரும், பெட்டி கட்ட வேண்டும். விதியைக் கொண்டுவந்து கொடுத்தவன் பஸ் ஏறிப் போய்விட்டேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றவர் நீங்கள். பிறகு நான் ஒரு தடவைகூட வரவில்லை. வராமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை, அதுதான் இப்போது உறுத்துகிறது.

போன மாதம் வேலை விஷயமாக ஆம்பூர் வந்தேன். கடையில் அக்கா மட்டும் இருந்தார். நீங்கள் போன வருடமே போய்விட்டீர்கள் என்று அவர் சொல்லித்தான் தெரியும். அடையாளம் கண்டு, கேட்காமலேயே ஒரு டீயை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். நான் குடிப்பதை அவர் பார்த்தார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மீதியை அவர்தான் சொன்னார். உங்களுக்காக ருசி பார்க்கும் பொறுப்பை ஷூ கம்பெனி வாட்ச்மேன் ஏற்றுக்கொண்டாராம். அவருக்குச் சர்க்கரை நோய். வீட்டில் இனிப்பு கண்ணிலேயே காட்ட மாட்டார்கள். தினமும் காலையில் உங்கள் முதல் டீயைக் குடித்து, கண்ணை மூடி யோசித்து, இன்னும் கொஞ்சம் சக்கரை போடலாம் மாஸ்டர் என்பாராம். நீங்களும் போட்டீர்கள். பழகின மனுஷரிடம் டீ நன்றாக இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஷிப்டு விட்டு வந்தவர்கள் பேசாமல் தள்ளியிருந்த வேறு கடைக்கு நடந்தார்கள். அக்கா சொல்லிப் பார்த்தாராம். "நான் சொன்னா கேப்பாரா? வாட்ச்மேன் சொன்னாத்தான் வேதவாக்கு." மூன்று பாத்திரம் பால் காய்ந்த அடுப்பில் ஒன்று காய்ந்தது. அப்போதும் நீங்கள் ஒரு சொட்டை நாக்கில் வைக்கவில்லை.

படுத்த பிறகு, நீங்கள் வைத்த அளவை மாற்றாமல் அக்காவே டீ போட்டிருக்கிறார். கடைசி நாட்களில் உங்களுக்குக் கஞ்சிகூட உள்ளே இறங்கவில்லை. ஒரு மத்தியானம் கடையிலிருந்து கிளாஸோடு வந்தவர், மனசு கேட்காமல் ஒரு ஸ்பூன் டீயை உங்கள் உதட்டில் விட்டிருக்கிறார். அது உள்ளே இறங்கியது. நீங்கள் கண்ணைத் திறந்து, "சக்கரை ஜாஸ்தி" என்றீர்களாம். பிறகு எதுவும் பேசவில்லையாம்.

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரா கேக்கல தம்பி. நான்தான் குடுத்தேன். அது கணக்குல வருமா? பாப்பாகிட்ட விடுவாங்களா அவர?"

இத்தனை வருடம் கட்டிக் காத்ததைக் கடைசி நேரத்தில் தானே கெடுத்துவிட்டோமோ என்று அவர் ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பயம் அது. அவர் பழைய சர்ச்சுக்கே போகிறவர். அங்கே கேட்டால் இந்தக் கேள்வியே புரியாது. கேட்பதற்குத் தெரிந்த ஆள் நான் ஒருவன், என் கையில் பாதி குடித்த கிளாஸ்.

வராது என்றேன். உடம்புக்கு முடியாதவருக்கு விதி கிடையாது என்றேன்.

"புக்குல போட்டிருக்கா?"

போட்டிருக்கிறது என்றேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைத் தணிக்கப் போனார்.

எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் என்று எனக்குத் தெரியாது அண்ணா. ஆனால் சபையிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி நான் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. சோம்பல்தான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இனி எழுதிக் கொடுக்க மாட்டேன். பெயர் இருக்கும்வரை அவர்கள் கணக்கில் நான் மூப்பர்தான். அங்கே யாராவது அந்த ஒரு ஸ்பூனைப் பற்றி உங்களைக் கேட்டால், அனுமதி கொடுத்தவன் நான் என்று சொல்லுங்கள். விவரம் வேண்டுமென்றால் என்னை வந்து கேட்கட்டும். நீங்கள் பாப்பாவிடம் போங்கள்.