மத்தியானத்துக்கு ஒச்சம்மா

2-3-2008, ஞாயிறு

தலைக்கு எண்ணெய் வைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில் கோயில் கமிட்டி கிருஷ்ணமூர்த்தி வந்துவிட்டார். எண்ணெய் வழியும் முகத்தோடுதான் அந்தச் செய்தியைக் கேட்டேன். உத்திரத் திருவிழாவுக்கு இந்த வருஷமும் மெல்லிசைக் குழு வருகிறது. இருபத்தாறு பேர், பத்து நாள். தினம் ஒரு ஊரில் கச்சேரி, சாப்பாடு மட்டும் நம் கோயில் கொட்டகையில். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? எட்டு வருஷமாகச் சமைக்கிறவள் நான்.

"இந்த வருஷம் சின்னதா ஒரு மாத்தம்க்கா. காலை டிபனும் ராத்திரிச் சாப்பாடும் நீங்க பாருங்க. மத்தியானத்துக்கு மட்டும் ஒச்சம்மா."

"யாரு அது?"

"கச்சால் தீவுல ரப்பர் எஸ்டேட்ல இருந்தவங்க. சிலோன்ல இருந்து வந்த குடும்பம். சுனாமிக்கு அப்புறம் புரோத்ராபூர்ல தம்பி வீட்ல இருக்காங்க. கேம்ப்ல முந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டவங்களாம். கம்மிச் செலவுல முடிச்சிடுவாங்க, டேஸ்ட்டும் ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொல்றாங்க."

மத்தியானத்துக்கு மட்டுமாம்! ராத்திரி உப்புமாவை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? கமிட்டிக்காரர்கள் எல்லோரும் இலையில் உட்காருவது மத்தியானம். என் சாம்பாருக்குப் பெயர் வந்தது மத்தியானம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "உனக்கும் கொஞ்சம் ரெஸ்ட்டு" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு ரெஸ்ட் வேண்டும் என்று இவருக்கு இன்றைக்குத்தான் தோன்றியது.

5-3-2008, புதன்

கொட்டகையைப் பார்க்க அவள் வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு, கையில் ஒரு துணிப்பை, பைக்குள் அம்மிக் குழவி. அதைத் தம்பி வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள். "அம்மி எங்க வேணும்னாலும் கெடைக்குங்க்கா. கொழவி கைக்குப் பழகணும்" என்றாள்.

என்ன காய் எழுதிக் கொடுக்கட்டும் என்று கிருஷ்ணமூர்த்தி கேட்டதற்கு, "கப்பல் காயி எதுவும் வேணாங்க" என்றாளே பார்க்கணும். பப்பாளிக் காய், ஈரப்பலா, வாழைப்பூ, தேங்காய். இங்கே வேலி ஓரத்தில் கிடப்பது போதுமாம். அவர் முகத்தில் ஒரே சந்தோஷம். நான் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கத்திரிக்காய் என்று மெயின்லாண்ட் கப்பலை நம்பிப் பட்டியல் போடுகிறவள். என் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்தபோது அவர் சிரிக்கவில்லை.

கச்சாலில் அவள் புருஷனை அலை கொண்டுபோய்விட்டதாக இவர் சொன்னார். பாவம்தான். நானும் "ஐயோ" என்றேன். ஆனால் உள்ளே ஒன்று முனகியது: எனக்கு எதுவும் போகவில்லை, மரைன் ஹில்லில் வீடு அப்படியே நிற்கிறது, அதனால் என் சாம்பாரைப் பிடுங்கிக்கொள்ளலாமா? எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. எழுதியதை அடிக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

11-3-2008, செவ்வாய்

குழு வந்து இறங்கியது. மெயின்லாண்டிலிருந்து நாலு நாள் கப்பலில் வாந்தி எடுத்து எல்லோரும் துவண்டு கிடந்தார்கள். நான் அவசர அவசரமாக இட்லி அவித்து வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. ஒச்சம்மா இஞ்சி தட்டிப் போட்டுப் பால் இல்லாத டீயைக் கொண்டுவந்தாள். "சாயத்தண்ணி குடிங்க, வயிறு கெட்டிப்படும்" என்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். பாட்டுக்காரப் பெண் சௌமியா அரை மணியில் எழுந்து உட்கார்ந்து, "அக்கா, இப்பதான் உயிர் வந்துச்சு" என்றாள். அக்கா என்றது என்னை அல்ல.

மத்தியானம்தானே அவளுக்கு வேலை? மத்தியானத்துக்கு முன்னால் ஏன் வந்தாள்?

13-3-2008, வியாழன்

கொடி ஏறி நேற்றிலிருந்து எல்லோரும் விரதம், மீனும் கறியும் கிடையாது. இன்று அவளுடைய இரண்டாவது சாப்பாடு. நேற்று நான் போகவில்லை, தலைவலி என்று படுத்துவிட்டேன். இன்று போனேன்.

சோறு. தேங்காய்ப்பால் விட்ட பருப்பு. அதில் பாதி பப்பாளிக் காய், ஆனால் வாயில் போட்டால் பருப்பாகவே கரைகிறது. ஈரப்பலாக் கறி. வாழைப்பூ வதக்கல். இலை ஓரத்தில் ஒரு உருண்டை சம்பல், சிலோன்காரர்கள் துவையல், செக்கச்செவேல் என்று. அவ்வளவுதான். அப்பளம்கூட இல்லை.

குழுத் தலைவர் ஹரிஹரன் மூன்று தரம் சோறு வாங்கினார். தபேலாக்காரர் விரலை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தார். சௌமியா அந்தச் சம்பலை ஒரு டப்பாவில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டாள், ராத்திரி உப்புமாவுக்குத் தொட்டுக்கொள்ள. என் உப்புமாவுக்கு!

இதெல்லாம் போகட்டும். இவர் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் டூட்டிக்கு நடுவே வந்து இலையில் உட்கார்ந்திருந்தார். "இன்னொரு கை சம்பல் வைங்கம்மா" என்றார். வாய்விட்டுக் கேட்டார். வீட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து போகிற மனுஷன்.

எனக்கு வயிறு எரிகிறது. வேறு எப்படி எழுதுவது? எரிகிறது.

14-3-2008, வெள்ளி

யாரும் இல்லாதபோது கொட்டகைக்குப் போய்ச் சம்பல் பாத்திரத்தை ஒரு விரலால் வழித்து வாயில் வைத்தேன். இந்த வயதில் திருட்டுத் தின்பது.

புகை வாசம். அதற்கு அடியில் கருவாடு மாதிரி ஒரு மணம். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. சிலோன்காரர்கள் சம்பலுக்கு மாசி இடித்துப் போடுவார்கள். புகை போட்டுக் காயவைத்த மீன். ஜெட்டியில் கூடக் கிடைக்கும். அதுதான் ருசி. அதனால்தான் விரலை நக்குகிறார்கள்.

கொடி ஏறிய கோயில் கொட்டகையில் மீனா? இருபத்தாறு பேர் விரதத்தையும்—

நிச்சயமாகத் தெரியுமா மரகதம் உனக்கு? மாசியைப் பார்த்தாயா? பார்க்கவில்லை. ஆனால் அந்த வாசம் பொய்யா?

15-3-2008, சனி

கிருஷ்ணமூர்த்தியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "சிலோன் சம்பல்ல மாசி போடுவாங்களாமே, விசாரிச்சீங்களா?" அவ்வளவுதான். போட்டாள் என்று நான் சொல்லவில்லை.

16-3-2008, ஞாயிறு

பந்தி நடக்கும்போதே கிருஷ்ணமூர்த்தி அவளிடம் கேட்டுவிட்டார். எல்லோருக்கும் எதிரே, இலைகளுக்கு நடுவில் நின்று. நான் தனியாக விசாரிப்பார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஒச்சம்மா, "போடலைங்கய்யா" என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள். யாரோ ஒரு கமிட்டிக்காரர், "உங்க ஆளுங்களுக்கு அது இல்லாம எறங்காதே" என்றார். இரண்டு பேர் சாப்பிட்ட இலையை மடக்கிவிட்டு எழுந்தார்கள். தபேலாக்காரர் வெளியே போய் வாய் கொப்பளித்தார். அவள் குழவியைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான்தான் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியாது.

மூன்று வேளையும் என் கைக்கு வந்துவிட்டது.

17-3-2008, திங்கள்

கடல் சரியில்லை என்று கப்பல் இன்னும் வரவில்லை. மார்க்கெட்டில் உருளைக்கிழங்கும் காய்ந்துபோன முட்டைக்கோசும்தான் இருக்கிறது. உருளைக்கிழங்கு சாம்பார் வைத்தேன். எல்லோரும் மரியாதையாகச் சாப்பிட்டார்கள். மரியாதையாகச் சாப்பிடுவதைப் போலச் சமைக்கிறவளைக் கொல்வது வேறு இல்லை.

"அந்த அக்கா நிஜமாவே மீன் போட்டாங்களா?" என்று சௌமியா கேட்டாள். "யாரு கண்டா" என்றேன்.

புரோத்ராபூரில் அடுத்த மாதம் ஒரு கல்யாணம், அவள்தான் சமைப்பதாக இருந்ததாம். பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று இவர் கேள்விப்பட்டு வந்தார். சாமி காரியத்தில் மீன் கலந்தவள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

18-3-2008, செவ்வாய்

இதை எப்படி எழுதுவேன்.

காலையில் அவளுடைய அடுப்பில் சாம்பல் அள்ளினேன். அடியில் கரிக்கட்டையோடு கரிக்கட்டையாகத் தேங்காய்ச் சில்லு நாலைந்து கிடந்தது. வெளியே கருகி, உள்ளே எண்ணெய் கசிந்து. பக்கத்தில் அணைந்துபோன சிரட்டைக் கரி. எடுத்து முகர்ந்து பார்த்தேன். அதே புகை. அதே மணம்.

தேங்காய்ச் சில்லைச் சிரட்டைத் தணலில் புதைத்துச் சுட்டிருக்கிறாள். மிளகாயையும் சுட்டிருக்கிறாள். கருகலைச் சுரண்டிவிட்டு அம்மியில் வைத்து அரைத்தால் சம்பல். மாசியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தேங்காய். வெறும் தேங்காய்.

அப்போதே யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? புதுத் தேங்காய் உடைத்தேன். சுட்டேன். அரைத்தேன். மத்தியானம் என் கையால் எல்லோருக்கும் ஒரு உருண்டை வைத்தேன், என்னுடையதுபோல. எத்தனை கேவலம். மூன்றாவது தரம் சோறு கேட்கிற ஆள் எனக்கும் வேண்டியிருந்தது.

ஹரிஹரன் வாயில் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார். கிருஷ்ணமூர்த்தியும் இலையில் இருந்தார். இவர்தான் — ஒன்றும் தெரியாத இந்த மனுஷன்தான் — சத்தமாகக் கேட்டார்:

"ஏ மரகதம், ஒச்சம்மா சம்பல்ல இருந்த அதே ருசி. நீயும் மாசி போட்டியா?"

கை எல்லாம் நின்றுவிட்டது. சோறு பிசைந்த கைகள் அப்படியே. இருபத்தாறு இலைக்கும் மேலே எல்லா முகமும் என்னைப் பார்க்கிறது.

"போடல. தேங்காயைத் தணல்ல சுட்டேன்."

"அப்ப அந்தம்மா?" என்றார் கிருஷ்ணமூர்த்தி.

சொல்லு மரகதம், சொல்லுடி. ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது.

"அது எனக்குத் தெரியாது" என்றேன்.

நாக்கு அழுகிப் போகாதா எனக்கு.

19-3-2008, புதன்

காலை டிபனைச் சீக்கிரம் முடித்துவிட்டு புரோத்ராபூருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். அவள் பாக்குத் தோப்பில் விழுந்த பாக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூலிக்கு. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாயத்தண்ணி கொடுத்தாள்.

"மாசின்னு சொன்னது நாந்தான். பொறாமைல சொன்னேன். நீ வந்ததுல இருந்து எனக்கு வயிறு எரிஞ்சுது" என்றேன்.

மடியில் கட்டியிருந்த பாக்கை அவிழ்த்துத் தரையில் கொட்டினாள். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னா போட்டேன்னு எங்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா. சொல்லியிருப்பேனே. கேம்ப்ல மாசிக்கு எங்க போறது? கருவாடு இல்லாம புள்ளைங்க சோறு திங்காதுங்க. அதுக்காகத்தான் தேங்காயச் சுட ஆரம்பிச்சேன். அந்த வாசத்துக்கு."

பிறகு எழுந்து வாசல் வரை வந்தாள்.

"எங்கிட்ட சொல்லி என்னா ஆகப்போகுது. எத்தன பேரு முன்னால எங்கிட்ட கேட்டாங்களோ, அத்தன பேரு முன்னால சொல்லுங்க."

20-3-2008, வியாழன்

சொன்னேன். பந்தி பாதியில், இலைகளுக்கு நடுவில், கிருஷ்ணமூர்த்தி நின்ற அதே இடத்தில் நின்று. மாசி இல்லை என்றேன். பொய் கிளப்பியது நான் என்றேன். முந்தாநாள் தெரிந்தும் மறைத்தேன் என்றேன். புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னதில் நுனி கிழிந்துவிட்டது.

சௌமியா தலையைக் குனிந்துகொண்டாள். தபேலாக்காரர், "நா வாய வேற கொப்பளிச்சேனே" என்றார். கிருஷ்ணமூர்த்தி கை கழுவிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு நேராக புரோத்ராபூருக்குப் போனார். நாளை அவள் வரமாட்டாள் என்று திரும்பி வந்து சொன்னார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாளாம்.

இவர் ராத்திரி வரை என்னிடம் பேசவில்லை. அப்புறம், "சாதம் போடு" என்றார்.

21-3-2008, வெள்ளி

உத்திரம். உருளைக்கிழங்கு சாம்பார். கப்பல் இன்று வந்தது, இனி என்ன பிரயோஜனம்.

2-4-2009, வியாழன்

கொடி ஏறியாகிவிட்டது. இந்த வருஷம் வேறு குழு, முப்பது பேர். மூன்று வேளையும் ஒச்சம்மா பொறுப்பு. சாம்பார் மட்டும் நான் வைக்கவேண்டும் என்று கமிட்டியிடம் அவளே கேட்டாளாம். நான் வைக்கும் சாம்பாருக்குக் கப்பல் காய் வந்தாலும் வராவிட்டாலும் பப்பாளி போடக் கற்றுக்கொண்டேன். புரோத்ராபூர்க் கல்யாண வீட்டாரும் போன மாதம் அவளைத்தான் கூப்பிட்டார்கள், இரண்டாவது மகளுக்கு.

அவள் வருவதற்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். படையல் போன பிறகு, பந்தி தொடங்கும் முன்னால், எல்லோரும் இலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, சம்பலில் முதல் உருண்டையை நான் தின்ன வேண்டும். தின்று தலையை ஆட்ட வேண்டும். அப்புறம்தான் பரிமாறுவாள். பத்து நாளும்.

இன்று அப்படி நான் நடுவில் நின்று தின்னும்போது, இந்தக் குழுவின் பாட்டுக்காரப் பையன் ஒச்சம்மாவிடம், "ஏன் இந்த அக்கா மட்டும் முதல்ல சாப்பிடுறாங்க?" என்று கேட்டான். கமிட்டிக்காரர்கள் எல்லோரும் இலையைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒச்சம்மா கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இங்க அப்பிடித்தாம் தம்பி பழக்கம்."

பிறகு என்னைப் பார்த்து, "எப்பிடிங்க்கா இருக்கு?" என்றாள்.

தலையை ஆட்டினேன். பாவி, போன வருஷத்தைவிட நன்றாக இருந்தது. உப்பில்கூடக் குறை சொல்ல முடியவில்லை.