காக்காவுக்கு நீ போட்ட அட்ஜெக்டிவ்

இஞ்ஞாசி,

மாதா கோயில் ஆங்கில வகுப்பில் அந்தக் கார்ட்டூன் படத்துக்கு ஆளுக்கொரு அட்ஜெக்டிவ் போட்டு விமர்சனம் எழுதச் சொன்னால், இஷ்டப்படி கல்யாணம் செய்த மகளைக் கூட்டில் சேர்க்காத அப்பன் காக்காவை நீ ‘க்ரூயல்’ என்று எழுதி எல்லார் முன்னாலும் வாசித்தாய். கேட்டால், “காக்காவத்தான சொன்னேன், ஒங்களுக்கு எதுக்குச் சுருக்குங்குது?” என்கிறாய். நம் மகள் ரூபி கதை தெரியாதவர் அங்கே யார்?

இன்று நான் வாசிக்கப் போகிறேன். அந்தக் காக்கா ‘ப்ரவுட்’, மானமுள்ளது. ஒரு எழுத்தும் மாற்றமாட்டேன்.

மதியம் ரூபி வருகிறாளாமே. நீ ஒளிந்து பேசிய போன் எனக்கும் கேட்டது. ஆத்தூர் கெண்டை வாங்கி அலசி வைத்திருக்கிறேன். பேரனுக்கு முள் எடுத்துக் கொடு.

இன்னொன்று: வகுப்பு நாலு மணிக்கு முடியும். அதற்குள் அவளை அனுப்பிவிடாதே. நான் சொன்னதாகச் சொல்லவும் வேண்டாம்.