ஆல்கஹாலில் கரைந்த கொழுப்பு

அம்மணி,

இன்று காலை சூடான் பிளாக் சாயப் புட்டியைத் திறந்தேன். மூடி இறுகிப் போயிருந்தது. துணியைச் சுற்றித் திருகியதில் கொஞ்சம் சிந்தி விரல்களில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டும் போகவில்லை. மதியம் அந்தக் கையோடுதான் சோற்றைப் பிசைந்தேன். நீ இருந்தபோதும் என் விரல்கள் இப்படித்தான் இருக்கும். "கொழுப்பைத் தேடிப் போற சாயமுங்க்கா, உங்களை உடுமா?" என்று என்னைக் கிண்டல் செய்வாய்.

நாமக்கல்லில் எங்கள் ஆய்வகத்துக்கு நீ ஆராய்ச்சிக்காக வந்தபோது, நான் அங்கே திசு வெட்டிச் சாயம் போடும் வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள். நீ கால்நடை மருத்துவம் முடித்தவள். ஓமலூர்ப் பக்கம் உன் அப்பாவின் பண்ணையில், காலூன்ற முடியாமல் கூண்டுக்குள் படுத்துக்கொள்ளும் கோழிகளைப் பார்த்து வளர்ந்தவள். சுண்ணாம்புச் சத்துக்காகத் தீவனத்தில் கிளிஞ்சலை எவ்வளவு கொட்டினாலும் சில கோழிகளுக்கு எலும்பு தேறுவதே இல்லை. ஏன் என்பதுதான் உன் கேள்வி.

குருத்தெலும்பு எலும்பாக இறுகும் இடத்தில் சுண்ணாம்பு தானாக வந்து படிவதில்லை என்று எனக்குச் சொன்னாய். அங்குள்ள செல்கள் தம் மேலுறையிலிருந்து மிக நுண்ணிய பைகளை வெளியே விடுமாம். அந்தப் பைகளின் சுவரில் உள்ள ஒருவகைக் கொழுப்புதான் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பிடித்து வைத்து, முதல் படிகம் உருவாக இடம் தருமாம். எண்ணெய் பட்ட சுவரில் சுண்ணாம்பு ஒட்டாதே என்று நான் மடக்கினேன். "செவுத்துக்கு அப்படிங்க்கா. எலும்புக்குப் பசையே அதுதானுங்க" என்றாய். நல்ல குஞ்சின் கால் எலும்பில் அந்தக் கொழுப்பு கறுப்புக் கோடாகச் சாயம் பிடிக்கும், நொண்டும் குஞ்சில் வெளிறியிருக்கும் என்பது உன் எண்ணம்.

அதற்காக நீ மாதக்கணக்கில் வளர்த்த குஞ்சுகளின் கால்கள் எல்லாம் ஒரே டப்பாவில் என் கைக்கு வந்தன. அமிலத்தில் ஊறிச் சுண்ணாம்பு நீங்கி மெத்தென்று இருந்தன. ஆல்கஹாலில் போட்டால் கொழுப்பு கரைந்துவிடும், அப்படியே உறைய வைத்து வெட்டுங்கள் என்று டப்பா மேல் சீட்டு ஒட்டிவிட்டு நீ ஊருக்குப் போயிருந்தாய். அன்று சனிக்கிழமை. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் சீட்டைப் பார்க்கவில்லை. கை பழகிய பழக்கத்தில், மற்ற திசுக்களைப் போலவே ஆல்கஹால் ஜாடிகளில் வரிசையாக மாற்றி, கடைசி ஜாடியில் விட்டுப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலையில்தான் சீட்டு கண்ணில் பட்டது. கொஞ்சமாவது மிஞ்சியிருக்காதா என்று தண்ணீரில் அலசி, உறைய வைத்து, வெட்டி, சாயம் போட்டு உன்னிடம் நீட்டினேன். நீ நெடுநேரம் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாய்.

"நல்ல குஞ்சு, நொண்டுற குஞ்சு, ரெண்டுலயும் ஒண்ணுமில்லீங்க்கா. எங்கயாச்சும் தப்பு நடந்திருக்குமுங்களா?"

"என் கையில தப்பு வருமா அம்மணி?"

"ஆமாங்க, உங்க கையில வராது" என்றாய். கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லாமல் சொன்னாய்.

சில மாதத்தில் ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பண்ணைக்கே போய்விட்டாய். உன் எண்ணமே தப்பு என்று எல்லோரிடமும் நீயே சொன்னாய். எனக்கு அந்த ஆய்வகத்தில் நல்ல பேர் இருந்தது. அந்தப் பேரை இழக்க எனக்கு மனசு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் காரணம்.

உனக்குக் காய்ச்சல் முற்றி சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, இன்று சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் பஸ் ஏறினேன். உன் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உன் அம்மா பக்கத்தில் இருந்தார்.

"நல்லாகி ஊட்டுக்கு வா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றேன்.

"இப்பவே சொல்லுங்க்கா."

"அவசரமில்ல அம்மணி."

மூன்றாம் நாள் போன் வந்தது, நீ போய்விட்டாய் என்று.

இப்போது வேறொரு டாக்டர் கோழிக் குஞ்சுக் கால்கள் அனுப்பியிருக்கிறார். நீ கேட்ட அதே சாயம்தான் கேட்டார். ஆல்கஹால் ஜாடிகளைப் பூட்டி வைத்துவிட்டு, அன்று உன் சீட்டில் எழுதியிருந்தபடியே செய்தேன். நல்ல குஞ்சில், குருத்தெலும்பு முடிந்து எலும்பு தொடங்கும் இடத்தில், மயிரிழை போலக் கறுப்புக் கோடு. நொண்டும் குஞ்சில் அது இருக்கிறதா என்றே தேட வேண்டியிருந்தது. கண் கலங்கியதில் எனக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

உன் அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் பின்னால் கோழிகளின் சத்தம் கேட்டது.

"இதப் புள்ளகிட்டச் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"சரிங்க. தீவனம் போடற நேரமுங்க, வெக்கறேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. எலும்பைப் பற்றி நீ நினைத்தது சரி அம்மணி. என் கையைப் பற்றி நினைத்ததுதான் தப்பு. அந்தக் கையோடுதான் நாளைக்கும் வேலைக்குப் போக வேண்டும்.