இரண்டு ஃபோல்டர்

புதன், இரவு.

காலையிலிருந்து எடிட்டரில், புரோகிராம் நின்று காட்ட வேண்டிய வரிகளில் சிவப்புப் புள்ளி வைத்து வைத்துப் பார்த்தேன். பிழை தேடும் டிபக்கர் எந்த வரியிலும் நிற்கவில்லை. புரோகிராம் பாட்டுக்கு ஓடி முடிந்தது. எடிட்டரையே அழித்து மறுபடி போட்டும் அதே கதைதான்.

சாயங்காலம் பக்கத்து சீட் ஜெபராஜ் எட்டிப் பார்த்தான். "ஏலே, நீ தொறந்து வச்சிருக்க ஃபைல் வேற, ஓடுத ஃபைல் வேற. ரெண்டு ஃபோல்டர் கெடக்கு பாரு."

கிணறு வற்றினால் மோட்டார் எரிந்துபோகாமல் அதைத் தானாக நிறுத்தும் வரிகளைப் போன வாரம் இந்தத் திறந்திருக்கும் ஃபைலில்தான் எழுதினேன். ஏரல் வாழைத்தோட்டத்துக்குப் போனது அந்த வரிகள் இல்லாத இன்னொரு ஃபோல்டர்.

தோட்டத்து அண்ணாச்சி இப்போது போனை எடுக்கவில்லை. மத்தியானம் அவரே கூப்பிட்டிருந்தார். "தம்பி, மோட்டார் ஒரு தடவகூட நிக்கல. நல்லா ஓடுது."

சந்தோஷம் அண்ணாச்சி என்றேன்.