அடைப்புக்குறிக்குள் ஒரு லண்டன்

என் ஆசை அக்காவுக்கு, வடமாகாணத்தின் தலைசிறந்த கோபக்காரனாகிய உன் தம்பி எழுதிக்கொள்வது.

சுகம் விசாரிக்க முடியாத இடத்தில் நீ இருக்கிறாய். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் கிருபாவை இரண்டு தரப்பினர் லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். விமானம் இல்லை, விசா இல்லை, பெட்டி படுக்கை இல்லை. ஒரு தரப்பு, அவள் படிப்பிக்கிற வெளிநாட்டுப் பள்ளிக்கூடம். மற்றத் தரப்பு யாரென்று இப்போதே சொன்னால் நீ கல்லறைக் கல்லைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிடுவாய். ஆறுதலாகச் சொல்கிறேன்.

நீ எங்களை விட்டுப் போன சில மாதங்களில் கிருபா வியட்நாமுக்குப் போனாள். நல்லூரில் ரியூசன் வகுப்புக்குப் போய் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தவளை, ஹனோய் நகரத்தில் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளி கணினி வழியாகவே நேர்முகம் கண்டு எடுத்துக்கொண்டது. ஊருக்கு அவள் சொன்ன காரணம், நல்ல வேலை. எனக்கு மட்டும் சொன்ன காரணம், உன் சத்தம் இல்லாத வீட்டில் இருக்க முடியவில்லை என்பது. இரண்டும் உண்மைதான். அந்த வீட்டின் அமைதி அப்படிப்பட்டது அக்கா, பல்லிகூட வாயைப் பொத்திக்கொண்டுதான் சுவரில் போகும்.

ஆனால் எங்கள் சனத்தின் உலகப்படம் உனக்குத் தெரியும்தானே? அதில் லண்டன் உண்டு, கனடா உண்டு, பாரிஸ், சுவிஸ், நோர்வே உண்டு. மிச்சமெல்லாம், காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக அனுப்புகிற ஏஜென்சிக்காரன், வழியில் அறையில் ஒளித்து வைத்திருந்து அங்கால் ஏற்றிவிடுகிற இடங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வர, எங்கள் தேவாலயத்துப் பூமணி அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டா.

“தம்பி, பிள்ளை இப்ப எங்கை நிக்கிறா?”

“ஹனோயிலை அன்ரி. வியட்நாம்.”

“ஐயோ பாவம். எப்ப அங்காலை ஏத்துவினமாம்?”

“ஆர் ஏத்துறது? அவள் அங்கை ரீச்சர்.”

“ஓமோம், அப்பிடித்தான் சொல்லவேணும். என்ரை பெறாமகனும் தாய்லாந்திலை சமையல் வேலை எண்டுதான் சொல்லித் திரிஞ்சவன். இப்ப பாரிஸிலை வீடு வாங்கிப்போட்டான். நான் ஜெபத்திலை வைக்கிறன், நீ யோசியாதை.”

என் மருமகள் ஒரு மாநகரத்தில் வேலையோடும் வீட்டோடும் இருக்கிறாள், இந்த மனுசி அவளை ஏதோ கப்பலின் அடித்தட்டில் ஒளிந்திருக்கிறவளைப்போல ஆண்டவரிடம் ஒப்படைக்கிறா! அன்றைக்கு நான் விட்ட பெருமூச்சில் நல்லூர் முழுக்கக் காயப்போட்டிருந்த உடுப்புகள் காய்ந்திருக்கும்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பாய். ஒரு ஒழுங்கைக்குள், தீப்பெட்டிகளை நிறுத்தி அடுக்கியதுபோல ஒடுக்கமான வீடு. நாலாம் மாடியில் அவளுடைய அறை. கீழ் மாடியில், நாங்கள் சோபா போடுகிற விறாந்தையில், வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் மனிதர்களைவிட மோட்டார் சைக்கிள்கள் அதிகம். பிள்ளைகள் பிறக்கும்போதே ஹெல்மெற்றோடுதான் பிறக்குமென்று நினைக்கிறேன்.

முதல் நாள் வீதியைக் கடக்கமுடியாமல் இக்கரையிலேயே நின்றிருக்கிறாள். யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தில் ஆயிரம் தடவை உயிர் தப்பியவளுக்கே அந்தக் கதி. வீட்டுக்கார மனுசி, லான் என்று பெயர், வந்து முழங்கையைப் பிடித்தாவாம். ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது, மெதுவாக நடந்துகொண்டே இரு, அவர்கள் உன்னை விலத்திப் போவார்கள் என்று சைகையால் காட்டிக் கூட்டிப் போனாவாம்.

பிறகு எங்கள் மிளகாய்த்தூளைப் போட்டு அவள் ஒரு கறி வைக்க, வீடு எரிகிறதென்று அதே லான் ஈரத் துணியோடு நாலு மாடி ஏறி ஓடி வந்திருக்கிறா. அடுத்த கிழமை அதே கறி கேட்டுக் கிண்ணத்தோடு ஏறி வந்தாவாம். அந்தத் தூளுக்கு முன்னால் எந்தத் தேசமும் நிற்காது அக்கா!

இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்து வாசலில் ஆசிரியர்களின் படங்களை மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அவரவர் நாட்டுக் கொடி. இந்த மாதம் கிருபாவின் படமும் ஏறியது. கீழே பார்த்தால் பிரித்தானியக் கொடி! பிழையாக ஒட்டிவிட்டார்களாக்கும் என்று நினைத்து முகாமையாளரிடம் போயிருக்கிறாள். அவளைவிட வயது குறைந்த ஒரு பெட்டைதான் முகாமையாளர். சிரித்த முகத்தோடு சொன்னாளாம்: பிழை இல்லை, உங்கள் ஆங்கிலம் நல்ல வடிவு, ஒருவருக்கும் சந்தேகம் வராது, பெற்றோருக்கு லண்டன் என்றால் விருப்பம். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம். எழும்பி நின்று, நான் லண்டன் என்று சொன்னால் போதும். முடியாதென்றால், வேலைக்கான சோதனைக் காலம் முடிய உங்களை வைத்திருப்பதா என்று யோசிக்க வேண்டிவரும்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! எங்கள் வீட்டில் ஆங்கிலம் நேற்று வாடகைக்கு வந்து குடியிருந்த சரக்கா? பரம்பரை பரம்பரையாக மிஷன் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த ஆங்கிலமல்லவா? எங்கள் நாய்க்குக்கூட நீ தமிழில் ஒரு சொல் சொன்னதில்லை. அது செத்துப்போகும்வரைக்கும் தன்னை ஒரு தேசாதிபதி என்றே நினைத்திருந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குக் கீழே வேறு ஒருவரின் கொடியா?

உடனே அவளைப் போனில் அழைத்துக் கத்தினேன். இணுவில் கோயில் மணிகூட என் சத்தத்துக்குப் பிறகுதான் ஊருக்குக் கேட்டிருக்கும்.

“சொல்லாதை பிள்ளை! நான் யாழ்ப்பாணம் எண்டு நெஞ்சை நிமித்திச் சொல்லு! வேலை போனால் மயிரெண்டு விடு!”

“மாமா, கத்தாதேங்கோ. நான் யோசிக்கிறன்.”

“உதிலை யோசிக்க என்ன கிடக்கு?”

“வேலை போனால் விசாவும் போகும். பிறகு நான் எங்கை வாறது? அம்மா இல்லாத அந்த வீட்டுக்குத்தானே? இஞ்சை இப்பதான் ரோட்டைக் கடக்கப் பழகியிருக்கிறன் மாமா.”

அதற்கு நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

இது இப்படியே இருக்க, சனிக்கிழமை உன் முதலாம் ஆண்டு. பின்னேரம் நினைவு ஆராதனை. பத்திரிகையில் நினைவஞ்சலி போடுகிற பொறுப்பை ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் அண்ணை எடுத்துக்கொண்டார். காலையில் பஸ் நிலையத்தடியில் பேப்பர் வாங்கி விரித்தேன். நல்ல படம், நீ கண்ணாடி போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போக நிற்கிற படம். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்த’ என்று தொடங்கி எல்லாம் முறையாகத்தான் இருந்தது. வழக்கம்போல உறவுகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவரவர் ஊர். அண்ணையின் பெயருக்குப் பக்கத்தில் கனடா. ஊரில் இருக்கிற எனக்கு அடைப்புக்குறியே இல்லை, அது பரவாயில்லை, நான் உலகப் பிரசித்தன்.

மகள்: கிருபா (லண்டன்).

அக்கா, அந்த இடத்திலேயே எனக்குத் தலை சுற்றியது. மற்றத் தரப்பு யாரென்று இப்போது விளங்குதா? எங்கள் சொந்த அண்ணை! கனடாவில் அப்போது சாமம். இருக்கட்டுமே என்று அழைத்தேன்.

“அண்ணை, ஆர் கிருபாவை லண்டனுக்கு அனுப்பினது?”

“டேய், என்ன நேரமடா இது? லண்டன் எண்டு போட்டால் என்ன, ஆருக்கு நட்டம்?”

“அவள் வியட்நாமிலையெல்லோ இருக்கிறாள்!”

“அதைத்தான் போடேலாதெண்டுறன். வியட்நாம் எண்டு கண்டால் சனம் என்ன கதைக்கும்? காசைக் குடுத்துப்போட்டுப் பிள்ளை இடையிலை நிக்குது எண்டெல்லோ நினைக்கும். தங்கச்சிக்கும் மரியாதை இல்லை.”

“செத்துப்போன அக்காவுக்குப் பொய்யாலையோ மரியாதை செய்யிறியள்?”

“எப்பிடியும் கொஞ்சக் காலத்திலை அவளும் லண்டனுக்குத்தானே போவாள். நான் முன்னுக்கே போட்டன், அவ்வளவுதான். உனக்கு உலகம் தெரியாது, வை போனை.”

உலகம் தெரியாதாம்! பனியில் வழுக்கி விழாமல் நடப்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த உலகம். நான் திரும்ப அழைக்க முன்னர் கிருபாவே என்னை அழைத்தாள். யாரோ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அவளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்க வசதியாக இருந்திருக்கும்.

“மாமா, அம்மான்ரை அஞ்சலியிலையும் நான் லண்டன்தானாம்.”

“அது பெரியமாமான்ரை வேலை பிள்ளை. நான் அவரை...”

“இல்லை, நான் ஆரையும் குறை சொல்லேல்லை. ஆனால் எங்கடை ஆக்களே நான் இருக்கிற இடத்தைச் சொல்ல வெக்கப்பட்டால், நான் இந்த மனேஜர் பெட்டையோடை என்னத்துக்கு மாமா சண்டை பிடிக்கிறன்? நாளைக்கு நானும் லண்டன் எண்டே சொல்லிவிடுறன்.”

அந்தப் பிள்ளை அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, அக்கா, யாரோ ஒரு கதவைச் சத்தம் வராமல் சாத்துகிற மாதிரி.

பின்னேரம் தேவாலயம் நிறைந்துவிட்டது. உன்னிடம் படித்த பெட்டைகள், இப்போது நரைத்த தலையோடு, முன்வரிசையில். பாட்டு முடிந்து, போதகர் ஜெபம் முடிந்து, குடும்பத்தின் சார்பில் நன்றியுரை. கடைசித் தம்பி என்பதால் அது எனக்கு. கிருபா பார்க்கட்டுமென்று போனைப் பைபிள் தாங்கியில் சாய்த்து வைத்தேன். போதகர், ‘சுருக்கமாகச் சொல்லும்’ என்று கண்ணால் கெஞ்சினார். என்னிடம்!

நன்றியெல்லாம் சொல்லி முடித்துவிட்டுச் சொன்னேன்: “இண்டைக்குப் பேப்பரிலை ஒரு பிழை வந்திருக்கு. அக்காவின்ரை மகள் கிருபா லண்டனிலை இல்லை. வியட்நாமிலை, ஹனோய் எண்ட நகரத்திலை இருக்கிறாள். அங்கை அவள் இங்கிலீஷ் ரீச்சர், தாய் செய்த அதே வேலை. அவளை ஒருத்தரும் அங்காலை ஏத்தத் தேவையில்லை. அவள் இடையிலை நிக்கேல்லை. போகவேணும் எண்டு நினைச்ச இடத்துக்குத்தான் போயிருக்கிறாள்.”

துக்க வீட்டு விளம்பரத்தைப் பிரசங்க மேடையில் நின்று திருத்தின முதல் மனிதன் உன் தம்பிதான். பிறகு முன்வரிசையில் ஒரு நரைத்த தலை, “எங்கடை ரீச்சரின்ரை பிள்ளையெல்லோ” என்றது, சத்தமாக. போன் திரையில் கிருபா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அப்படியே போனை வைத்துவிட்டாள்.

வெளியே தேத்தண்ணியும் பற்றிஸும் கொடுக்கும்போது பூமணி அன்ரி வந்து காதுக்குள் கேட்டா: “அப்ப, ஏஜென்சிக்காரன் ஏமாத்திப்போட்டானோ?” நான் கையிலிருந்த பற்றிஸை முழுதாக வாய்க்குள் போட்டேன். இல்லாவிட்டால் அன்றைக்கு அந்த வளவுக்குள் இரண்டாவது ஆராதனை வைக்கவேண்டி வந்திருக்கும்.

ஞாயிறு முழுக்க நான் போனை முட்டைபோல அடைகாத்தேன். பின்னேரம் அழைத்தாள்.

“மாமா, சொல்லிப்போட்டன்.”

“எதை?”

“கிருபா, யாழ்ப்பாணம், ஸ்ரீலங்கா எண்டு. ஒரு தாய் உடனை எழும்பிப் போயிட்டா. ஒரு தகப்பன் கேட்டார், உங்கடை ஊரிலை இங்கிலீஷ் கதைக்கிறவையோ எண்டு. எங்கடை அம்மா ஏசுறதே இங்கிலீஷிலைதான் எண்டு சொன்னன். எல்லாரும் சிரிச்சவை.”

“மனேஜர்?”

“அவ சிரிக்கேல்லை.”

தண்டனை வந்துவிட்டது, அக்கா. அவளிடமிருந்து பெரிய வகுப்புகளைப் பறித்துவிட்டுச் சின்னஞ்சிறுசுகளின் காலை வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் இருந்த படத்தைக் கழற்றிவிட்டார்கள், கொடியோடு சேர்த்து. ஆனால் வேலையில் வைத்திருக்கிறார்கள். அவளை வேலையால் நிறுத்தினால் எங்கள் பிள்ளைகளையும் நிறுத்துவோமென்று சில பெற்றோர் வந்து சண்டை பிடித்தார்களாம். கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தத் தகப்பனும் அதில் ஒருவர். விசா தப்பியது.

பொறு, நான் சந்தோஷப்படுகிறேன் என்று நினைக்காதே. உள்ள ஊரைச் சொன்னதற்கு ஒரு பிள்ளைக்குத் தண்டனையா? அது என்ன நியாயம்? அண்ணை இன்னும் என்னோடு கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் இப்போது கடல் மட்டுமல்ல, ஒரு அடைப்புக்குறியும் கிடக்கிறது. நிம்மதியாகத் தூங்கு என்று வழமையாக எழுதுவார்கள். நான் எழுதமாட்டேன். நீயும் கொஞ்சம் கோபமாக இரு. இங்கே ஆள் போதாது.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன். இனிமேல் கலியாண வீடு, செத்த வீடு, சந்தை, பஸ், எங்கே எவர் கேட்டாலும், கேட்காவிட்டாலும், உன் மகள் இருக்கிற ஊரின் பெயரை உரத்துச் சொல்லுவேன். இந்தக் குடாநாட்டில் கட்டியிருக்கிற ஆடுகள்கூட ஹனோய், ஹனோய் என்று கத்தப் பழகும்வரைக்கும் ஓயமாட்டேன். அவள் இருக்கிற இடம் ஒரு இடம்தான் என்று அவளுக்குச் சந்தேகமே வராதபடி பார்த்துக்கொள்ளுவேன்.

உன் அடங்காத தம்பியும்,
ஹனோய் ரீச்சரின் தாய்மாமனுமான
ராசன்