சப்போர்ட் முடிந்த நிலையம்

ஆயுத பூஜை, காலை 9.10

செவ்வாயின் துணைக்கோளான போபோஸில் துளையிடும் நிலையம். எழுதுவது மரகதவல்லி, கணினிப் பராமரிப்பு. இதை எடுத்துப் படிப்பவர் யாரானாலும் வணக்கம். காற்று சரி. வெப்பம் சரி. நிலையத்தில் நானும் செல்வினும் மட்டும். அவன் துளைப்பான் ஓட்டுபவன். பாறை சரிந்து நெஞ்சு நசுங்கி, உறக்கப் பெட்டியில் கிடக்கிறான். பெட்டிதான் அவனுக்கு மூச்சு கொடுக்கிறது. மீட்புக் கப்பல் வந்துகொண்டிருக்கிறது.

எந்திரங்களைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். முதன்மைக் கணினி பழுதானால் கைகொடுக்கும் மாற்றுக் கணினியை மட்டும் அணைத்தேன். இங்கே வைத்த நாள் முதல் அணைக்காதது அது. செல்வினின் அப்பா தூத்துக்குடியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான், ஆனாலும் பூஜையன்று பட்டறையில் ஒரு மிஷினும் ஓடாதாம். மயக்க மருந்து ஏறும்போதுகூட, "அந்த மாத்து மிஷினுக்காச்சும் ஒரு நாள் லீவு குடுங்கக்கா, பாவம்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள், காலை 8.30

கப்பலை ஓட்டி வரும் இம்ரானிடமிருந்து செய்தி. "அக்கா, உங்க கணினியில ஓடுற லினக்ஸுக்கு சப்போர்ட் முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. இவ்வளவு பழைய சிஸ்டத்தோட எங்க கப்பல் பேசாது. அப்கிரேட் பண்ணலன்னா வாசல்ல வந்து நின்னாலும் கதவு இணையாது."

இதைப் புறப்படும் முன்பே சொல்லியிருக்கலாம். எந்த மகராசன் மறந்தானோ.

உறக்கப் பெட்டியின் மென்பொருள் பழைய லினக்ஸில் மட்டுமே ஓடும். செய்த கம்பெனியே இப்போது இல்லை. ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை: பெட்டியை மாற்றுக் கணினிக்குக் கொடுத்துவிட்டு முதன்மைக் கணினியை அப்கிரேட் செய்தால் ஆயிற்று.

காலை 9.05

மாற்றுக் கணினி எழவில்லை. வருஷக்கணக்காகச் சுழன்ற டிஸ்க், ஒரு நாள் நின்றதும் இறுகிவிட்டது. தட்டினேன். சூடு காட்டினேன். திட்டினேன். அதன் நெற்றியில் நான் வைத்த பொட்டு அப்படியே இருக்கிறது.

மதியம் 1.40

இம்ரானிடம் காத்திருக்க முடியுமா என்று கேட்டேன். எரிபொருள் ஒரே முயற்சிக்குத்தான் என்றான். இணையாவிட்டால் திரும்பிவிட வேண்டுமாம். அடுத்த கப்பல் வரும்வரை தாங்க செல்வினுக்கும் காற்று போதாது, எனக்கும் போதாது. அப்கிரேட் செய்துதான் ஆக வேண்டும்.

ஒரே தாவலில் போக முடியாது. மூன்று வெர்ஷன், ஒன்றன்பின் ஒன்றாக. பெட்டி நின்றால் கையால் மூச்சு கொடுக்க, அதன் மூடியைத் திறந்து கைப்பம்பைப் பொருத்திவைத்தேன். பயமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மாலை 4.15

முதல் வெர்ஷன் ஏறியது. பெட்டி ஓடுகிறது. இரண்டாவதும் ஏறியது. பெட்டி திணறி, பிறகு ஓடியது. "பொறுத்துக்கடா" என்று சத்தமாகச் சொன்னேன். காது கேட்காது அவனுக்கு.

மாலை 6.20

மூன்றாவது முடிந்தது. திரை முழுக்கப் பச்சை. கப்பலின் சிஸ்டம் நம்முடையதோடு பேசிவிட்டது. பெட்டி நின்றுவிட்டது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை மணி இல்லை. புதிய லினக்ஸுக்கு அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது.

கையால் அமுக்குகிறேன். அமுக்கினால் நெஞ்சு ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. இடது கையால் தட்டச்சு. பிழை இருந்தால் பொறுக்கவும்.

மறுநாள், காலை

கை மரத்துவிட்டது. தோளால் அமுக்குகிறேன். செல்வின் சூடாக இருக்கிறான். நல்லது.

மதியம்

கண் அசந்துவிட்டேன் போலிருக்கிறது. எவ்வளவு நேரம், தெரியவில்லை. மணி எதுவும் அடிக்கவில்லை. யார் அடிப்பார்கள். மறுபடி அமுக்குகிறேன். நெஞ்சு ஏறுகிறது. இறங்குகிறது.

கை சில்லென்று இருக்கிறது. அவன் கையா என் கையா தெரியவில்லை.

மாலை

கப்பல் இணைந்தது. ஒரு தடங்கலும் இல்லை. அப்கிரேட் நன்றாக வேலை செய்கிறது.

இம்ரான் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். "அக்கா, உங்க சிஸ்டம் ஒரு ஆளுன்னு காட்டுது. ரெண்டு பேர்னுல்ல சொன்னாங்க? ஒருத்தர்தானா?"

நேற்று மாலையிலிருந்து அது அப்படித்தான் காட்டுகிறது; பெட்டியே தெரியாததற்கு உள்ளே இருப்பவனும் தெரியாது.

"ஆமா தம்பி, ஒருத்தர்தான்" என்றேன். பம்பை அமுக்கிக்கொண்டேதான் இருக்கிறேன்